ஜீன்ஸுக்குத் துட்டி

ஏட்டி, ஜீன்ஸ் செத்துப்போச்சுன்னு உனக்குத் துட்டி சொன்னது யாரு? சொன்னவன் கையில என்ன இருந்துச்சுன்னு பாத்தியா? விலைச்சீட்டு தொங்குத புதுப் பேண்டு ஒண்ணு இருக்கும். துட்டி சொல்ல வாரவன் வெறுங்கையோட வரணும், ஒப்புக்காவது மூக்கைச் சிந்தணும். இவன் எழவு வீட்டு வாசல்லயே கடையை விரிச்சு, ரெண்டு எடுத்தா ஒண்ணு இனாம்ங்கான். அவன் பேச்சைக் கேட்டு நீயும் பீரோவைத் திறந்து, நல்லா இருக்கதையெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்க. உன் ஆச்சி அதைப் பாத்துட்டு, பாத்திரக்காரன் வந்தா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி தேறும்னு கணக்கே போட்டுட்டா. கொஞ்சம் பொறு தாயி. தாத்தன் சொல்லுததக் கேட்டுட்டு, பொறவு வாளி வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணு.

நான் இந்தச் சங்கரன்கோவில்ல மிசின் மிதிச்சே கிழடு தட்டினவன். ஆளுகளோட மூஞ்சியைவிட இடுப்பைத்தான் அதிகம் பாத்திருக்கேன். யாருக்கு எப்பம் வயிறு விழுந்துச்சு, யாரு எந்தக் கவலையில மெலிஞ்சான்னு எல்லாமே என் அளவு நோட்டுல இஞ்ச் கணக்கா இருக்கு. கேக்காதே, சொல்ல மாட்டேன். அந்த நோட்டு மேல கை வச்சுச் சொல்லுதேன்: என் காலத்துல பேண்டு ஒரு தடவைகூடச் செத்ததில்ல. செத்ததெல்லாம் கால் சுத்துதான்.

பெல்பாட்டம் வந்தப்ப எளவட்டங்க நடந்து போனா தெருக்குப்பை பூராவும் கூடவே போகும். பஞ்சாயத்துக்குக் கூட்டுக்கூலி மிச்சம். கொஞ்ச வருசம் கழிச்சு அதே ஆளுக அதே பேண்டைத் தூக்கிட்டு வந்து, "அண்ணாச்சி, குறைச்சுக் குடுங்க"ன்னாவ. குறைச்சேன். வெட்டுன துணியில மிசினுக்கு ஒரு உறையும், உன் அப்பனுக்கு ஒரு பள்ளிக்கூடப் பையும் ஆச்சு. பொறவு பேகின்னு ஒண்ணு வந்துச்சு. அதே ஆளுக, இப்பம் கொஞ்சம் தொந்தியோட வந்து, "அண்ணாச்சி, அகலப்படுத்திக் குடுங்க"ன்னாவ. வெட்டுனதை எங்ஙன கொண்டு ஒட்ட? புதுசுதான் தைக்கணும்னேன். அந்தக் கூலியில நான் மச்சு வீடு கட்டினேன்னு உன் ஆச்சி ஊருக்குள்ள சொல்லுவா. நம்பாதே, தளம் மட்டுந்தான் போட்டேன்.

உனக்கு இப்பம் நடக்கதும் அதேதான். 2005 வாக்குல சீமையில பிடிச்ச அந்த ஒட்டுக்கால் ஜீன்ஸ், ஸ்கின்னிங்கியளே அது, ஒரு பதினஞ்சு வருசம் ஆட்டம் போட்டுட்டு இப்பம் ஓரமா உக்காந்திருக்கு. அது காலுல ஏறினதே துணிக்குள்ள இருந்த இழுவை நூலோட புண்ணியத்துலதான். 1958-ல அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனியில ஜோசப் ஷிவர்ஸ்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச நூல். பருத்தியோட நூத்துக்கு ரெண்டு பங்கு சேத்தாப் போதும், இழுத்த இழுப்புக்கு வரும். ஆனா வெந்நியில போட்டு, வெயில்ல காயப்போட்டு, நாலு தடவை இஸ்திரி பிடிச்சா இழுத்தது திரும்பிப் போகாது. முட்டியில பை விழுந்துரும். உக்காந்து எந்திரிச்ச பொறவும் அந்த இடத்துல உன் முட்டியோட ஞாபகம் அப்படியே நிக்கும்.

அது ஓரமாப் போனதும் என்ன வந்துச்சு? தொப்புளுக்கு மேல இடுப்பு ஏறின ஜீன்ஸ். அதுக்குப் பேரு அம்மா ஜீன்ஸாம். காலேஜ்ப் பிள்ளைக பூரா கடையில போயி அம்மா ஜீன்ஸ் குடுங்கன்னு நிக்காவ. உன் அம்மா இங்க நைட்டியில நிக்கா. அதுக்குப் பொறவு அகலக்கால் வந்துச்சு. 2024-ல பீப்பாய்க் கால், அதாவது தொடையும் முட்டியும் உப்பி, கணுக்கால்ல சுருங்குதது. போன மாசம் ஒரு பிள்ளை அப்படி ஒண்ணை ஆல்டர் பண்ணக் கொண்டாந்தா. காஜாப் பையன் அதை விரிச்சுப் பாத்துட்டு, "முதலாளி, இது தப்பா வெட்டினதா, வேணும்னே வெட்டினதா?"ன்னான். வேணும்னே வெட்டினதுக்கு விலை சாஸ்தி, தப்பா வெட்டினதுக்கு நமக்கு ஏச்சு, அவ்வளவுதாம்லே வித்தியாசம்னேன்.

சரி, ஜீன்ஸ் பொம்பளைகளை விட்டுப் போகுமான்னு கேட்ட. அது பொம்பளைகள்ட்ட எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் போகுமா போகாதான்னு சொல்ல முடியும். உன் தம்பி செல்லுல தேடிப் படிச்சுச் சொன்னான், நான் கேட்டு ஆடிப்போயிட்டேன். ஜீன்ஸைக் கண்டுபிடிச்சது ஒரு டெய்லர்! அமெரிக்காவுல ரெனோங்கிற ஊரு, ஜேக்கப் டேவிஸ்னு பேரு. ஒரு கூலிக்காரரோட பொஞ்சாதி அவருகிட்ட வந்து, "எம் புருசனுக்கு எதைத் தைச்சாலும் கிழிச்சுட்டு வாரான், கிழியாததா ஒண்ணு தைச்சுத் தாங்க"ன்னு நின்னிருக்கா. அவரு குதிரைப் போர்வைக்கு வார் அடிக்க வச்சிருந்த செப்பு ரிவிட்டை எடுத்து, பை கிழியுத மூலையில எல்லாம் அடிச்சுக் குடுத்துட்டார். பேட்டன்ட் கட்டக் கையில துட்டு இல்லாம, தனக்குத் துணி குடுக்க மொத்தக் கடைக்காரருக்கு எழுதிப் போட்டார். 1873 மே 20-ல ரெண்டு பேருக்கும் சேத்துப் பேட்டன்ட் கிடைச்சுது. அந்தக் கடைக்காரரு பேரு லெவி ஸ்ட்ராஸ். இப்பம் உன் இடுப்புல பின்னால ஒட்டியிருக்கது யாரு பேரு? தைச்சவரு பேரா, துணி வித்தவரு பேரா? உலகம் பூரா எங்க சாதிக்கு இதான் நிலைமை. டெய்லர் சாதியைச் சொல்லுதேன்.

ஆக, புருசன் கால்சட்டை கிழிஞ்சு கிழிஞ்சு வாரதைப் பாத்து அலுத்துப்போன ஒருத்திதான் ஜீன்ஸைப் பிறக்க வச்சவ. ஆனா அந்தக் கம்பெனி பொம்பளைகளுக்குன்னு தனியா ஒரு ஜீன்ஸ் போட்டது 1934-ல. அறுபது வருசம் ஆச்சு! அதுவும் யாருக்கு? கிழக்குச் சீமைப் பணக்காரப் பொம்பளைக லீவுக்கு மேற்க இருக்க மாட்டுப் பண்ணைக்குப் போயித் தங்குவாவ. அங்க குதிரை ஏற, மாடு பாக்க ஒரு உடுப்பு வேணும்லா, அதுக்கு. மறு வருசம் வோக் பத்திரிகையிலயும் ஏறிடுச்சு. இங்க நம்ம தெருப் பொம்பளைக கொடைக்கானல் போனா மட்டும் ஜீன்ஸ் போட்டு, பில்லர் ராக்ஸ் முன்னால நின்னு போட்டோ எடுத்து, வத்தலக்குண்டுல பஸ் இறங்கதுக்குள்ள சுடிதாருக்கு மாறிருதாவ பாத்தியா, அது அமெரிக்காவுல 1934-லயே நடந்திருக்கு. நாம ஒண்ணும் பிந்திப்போயிரல.

அதுலயும் ஒரு கூத்து. கொஞ்ச காலம் பொம்பளைக பேண்டுக்கு ஜிப்பை முன்னால வைக்க மாட்டானுவ, இடுப்புக்குப் பக்கவாட்டுல வைப்பானுவ. முன்னால வச்சா மரியாதை இல்லையாம். தைக்கதவனுக்குத்தான் தெரியும், வளைஞ்ச தையல்ல ஜிப்பு வைக்கது எம்புட்டுச் சள்ளைன்னு. ஊரு மானத்தைக் காப்பாத்த எத்தனை டெய்லரு ஊசியில குத்துப்பட்டிருப்பான்!

இங்க எங்கிட்ட வந்த கதையைச் சொல்லுதேன். 1995-ல அகமதாபாத்து அரவிந்த் மில்லுக்காரன் ரஃப் அண்ட் டஃப்னு ஒரு பொட்டணம் விட்டான். உள்ள தைக்காத ஜீன்ஸ் துணி, ஜிப்பு, பித்தளைப் பட்டன், ரிவிட்டு, பின்னால ஒட்டச் சீட்டு எல்லாம் இருக்கும். 200 ரூவாய்க்குள்ள விலை. வாங்கிட்டு வந்து டெய்லர்கிட்டக் குடுத்தா அவன் தைச்சுத் தருவான். ரெடிமேடு வந்து எங்க சோத்துல மண்ணைப் போட்டுக்கிட்டு இருந்த நேரம் அது. இந்தப் பொட்டணம் வந்ததும் ஊரு பூராவும் மிசின் சத்தம். சாதா ஊசி டக்குடக்குன்னு ஒடியும். பதினாறாம் நம்பர் ஊசி வாங்கி மாட்டி, மடிப்பு நாலு அடுக்காச் சேருத இடத்துல சுத்தியல வச்சுத் தட்டி நசுக்கித் தைப்போம்.

அந்தப் பொட்டணத்தோட ஒரு காலேஜ்ப் பிள்ளை வந்தா. கூடவே அவ அம்மா. பிள்ளை, "மாமா, நல்லா டைட்டாத் தைங்க"ங்கா. அம்மா, "அண்ணாச்சி, தொளதொளன்னு தைங்க, அவ அப்பா பாத்தா மிசினோட உம்மையும் தூக்கிருவாரு"ங்கா. ரெண்டு பேருக்கும் சரின்னேன். டைட்டாத் தைச்சு, உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி விட்டுட்டேன். அப்பா ஏசினா மகளே பிரிச்சு விட்டுக்கலாம், ஏசலன்னா அப்படியே போட்டுக்கலாம். அவரு ஏசல. ஏசாததுல பிள்ளைக்குத்தான் வருத்தம். ஏச்சு வாங்கலாம்னு ஆசையா வந்தவ அவ.

இங்ஙனதான் விசயமே இருக்கு, காதைக் குடு. ஜீன்ஸை வளத்தது துணி இல்ல, ஏச்சு. அமெரிக்காவுல 1950-கள்ல பள்ளிக்கூடத்துக்கு ஜீன்ஸ் போட்டு வரக் கூடாதுன்னு வாத்திமாரு விரட்டினாவ. 1955-ல ஜேம்ஸ் டீன்னு ஒரு பையன் சினிமாவுல அதைப் போட்டு முறைச்சுக்கிட்டு நின்னான். அம்புட்டுத்தான், விரட்டுன வாத்தியார் பிள்ளையே ராத்திரியோட ராத்திரியா ஒண்ணு வாங்கிட்டான். நம்ம சினிமாவுல பொம்பளை பேண்டு போட்டு வந்தா திமிரு பிடிச்சவன்னு அர்த்தம். 1972-ல வந்த பட்டிக்காடா பட்டணமாவுல இருந்து எத்தனை படம் பாத்தாச்சு, அவ திமிரை ஹீரோ அடக்கி, கடைசி ரீல்ல தலை நிறையப் பூவோட சேலையில நிப்பா. சேலை கட்டினதும் நாம கைதட்டுவோம். ஆனா படம் விட்டு வீட்டுக்குப் போற பிள்ளைக நினைப்புல நிக்கது கடைசி ரீலா, முத ரீலா? டெய்லர்கடைக்குப் போட்டோவோட வாரவ எந்த ரீல் போட்டோவைக் கொண்டுட்டு வருவான்னு எங்கிட்டக் கேளு.

2016 ஜனவரி 1-ல இருந்து கோயிலுக்குள்ள ஜீன்ஸ் போட்டு வரக் கூடாதுன்னு மதுரை ஹைகோர்ட்டு உத்தரவு வந்துச்சுல்லா? லெக்கின்ஸும் கூடாது. ஆம்பளை அரைக்கால் சட்டையும் கூடாது. அந்த வாரம் நம்ம கோமதியம்மன் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தேன். அதுவரைக்கும் யாரு என்ன போட்டிருக்கான்னு ஒருத்தரும் கவனிக்கல. உத்தரவு வந்த பொறவு எல்லார் கண்ணும் எல்லார் கால்லயும். அம்மனைப் பாத்தவிய கொஞ்சப் பேருதான். பொறவு மேல் அமர்வு அதை நிறுத்தி வச்சு, ரத்தும் ஆகிப்போச்சு. 2019-ல தலைமைச் செயலகத்துக்காரவியளுக்கு ஒரு ஆணை வந்துச்சு: பொம்பளைக சேலை கட்டணும், இல்லன்னா துப்பட்டா போட்ட சுடிதார், சல்வாரு. 2021 மார்ச்சுல உத்தரகண்டு முதலமைச்சரா இருந்த தீரத் சிங் ராவத்து கிழிஞ்ச ஜீன்ஸ் போட்ட பொம்பளையைப் பத்தி மேடையில நீட்டி முழக்கினாரு. மறுநாளே நாடு பூராவும் பொம்பளைக கிழிஞ்ச ஜீன்ஸ் போட்டு முட்டியைக் காட்டிப் போட்டோ போட்டுட்டாவ. ஜீன்ஸ் கம்பெனி கோடி ரூவா குடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். கடைசியில அவரு வருத்தம் தெரிவிச்சாரு.

இன்னொண்ணு சொல்லுதேன், இது சிரிக்கதுக்கு இல்ல. இத்தாலியில 1998-ல ஒரு பிள்ளையைக் கெடுத்தவனுக்குக் குடுத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் தள்ளிட்டுது. என்ன காரணம் சொன்னாவ தெரியுமா? அவ போட்டிருந்தது இறுக்கமான ஜீன்ஸ், அவ சம்மதிச்சு உதவாம அதைக் கழட்ட முடியாதுன்னு. தீர்ப்பு வெளிய தெரிஞ்சதும் அந்த நாட்டு நாடாளுமன்றத்துப் பொம்பளைக ஜீன்ஸ் போட்டு வந்து நின்னாவ. அதுல இருந்துதான் ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் கடைசிப் புதன்ல ஜீன்ஸ் போடுதது ஒரு போராட்டமாவே ஆச்சு. நான் எத்தனையோ ஜீன்ஸ் தைச்சிருக்கேன், பிரிச்சிருக்கேன். அந்த நீதிபதிமாரு ஒரு டெய்லரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா, துணியைப் பத்தி நீங்க பேசாதியன்னு சொல்லியிருப்பேன். பத்து வருசம் கழிச்சு அதே கோர்ட்டு அந்த நினைப்பை மாத்திக்கிட்டுது. அந்தப் பிள்ளைக்கு அது எப்படி ஆறும்? ஜீன்ஸ் போகுமா நிக்குமான்னு ஃபேஷன் பேச்சாப் பேசுதோம். ஒருத்தி என்ன போட்டிருந்தான்னு கேக்குத பழக்கம் செத்துப்போச்சுன்னு யாராவது துட்டி சொல்ல வந்தா, அவனுக்கு நானே காப்பி வாங்கித் தருவேன்.

போகட்டும். இப்பம் நீ கேட்டதுக்கு வாரேன். ஜீன்ஸுக்கு ஆபத்து இருக்கு, இல்லைங்கல. ஆனா அது ஏசுதவங்களால இல்ல, ஏசாதவங்களால. நம்ம தெருவைப் பாரு. உன் சித்தி அவ மாமியாரைக் கூட்டிக்கிட்டு காசிக்குப் போனா. மாமியார் ஜீன்ஸ், சித்தி சேலை! போன ஆவணியில உன் அத்தை மகளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரவிய வந்தாவ. மாப்பிள்ளையோட அம்மா காலு மேல காலு போட்டுச் சொல்லுதா: "எங்களது மாடர்ன் ஃபேமிலி, கல்யாணத்துக்குப் பொறவும் பொண்ணு ஜீன்ஸ் போட்டுக்கலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்." பிள்ளை மூஞ்சி அப்பவே சுருங்கிடுச்சு. மாமியார் குடுத்த அனுமதியோட ஒரு பேண்டை எப்படிட்டி ஆசையாப் போட? இனி சீர்வரிசையில ஒரு தட்டு ஜீன்ஸ் வைக்கது ஒண்ணுதான் பாக்கி. பூவும் பழமும் பக்கத்துல, முப்பத்திரண்டு சைஸு.

டேனியல் மில்லர், சோஃபி உட்வர்டுன்னு ரெண்டு பேரு வடக்கு லண்டன் தெருவுல வீடு வீடாப் போயி, ஏன் ஜீன்ஸ் போடுதியன்னு கேட்டு, 2012-ல ஒரு புத்தகமே போட்டிருக்காவ. எடுப்பாத் தெரியணும்னு இல்ல, எடுப்பாத் தெரியக் கூடாதுன்னுதான் போடுதாவளாம். நாலு பேரோட நாலு பேராப் போகணும், யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. முந்தி ஊரே திரும்பிப் பாக்கதுக்குப் போட்டது இப்பம் ஒருத்தரும் பாக்காம இருக்கப் போடுததா ஆயிடுச்சு. அப்படி ஆன உடுப்பு ஃபேஷன்ல இருந்து போகாது. ஏன்னா அது ஃபேஷன்லயே இல்ல. வேட்டி எந்த வருசம் ஃபேஷனா இருந்துச்சு, போறதுக்கு?

ஒரு உடுப்பு மெய்யாவே போகணும்னா அதைவிட மலிவா, அதைவிடச் சொகமா இன்னொண்ணு வரணும். நம்ம நீலத்தைப் பாரு. அவுரியைப் பறிச்சுத் தொட்டியில ஊற வச்சு எடுத்த நீலத்துக்கு உலகமே கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. வெள்ளைக்காரன் வங்காளத்துக் குடியானவனை அடிச்சு உதைச்சு விதைக்க வச்சான். 1859-ல அவனுவ எதுத்து எந்திரிச்சானுவ. அப்பவும் நீலம் நிக்கல. 1897-ல ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனிக்காரன் ஆலையில செஞ்ச நீலத்தைச் சந்தைக்குக் கொண்டாந்தான். கொஞ்ச வருசத்துல அவுரி யாவாரம் படுத்துட்டு. உன் ஜீன்ஸுல இருக்கதும் அந்த ஆலை நீலந்தான். நீலத்தை யாரும் ஏசியும் விரட்டல, தடை போட்டும் விரட்டல. விலைதான் விரட்டுச்சு.

ஜீன்ஸை விரட்ட அப்படி ஒண்ணு வந்தது நெசந்தான். லெக்கின்ஸ், யோகா பேண்டுன்னு இழுவைத் துணி. 2017-ல அமெரிக்காவுக்கு இறக்குமதியான பொம்பளைக உடுப்புல இழுவைப் பேண்டு ஜீன்ஸையே முந்திடுச்சு. அப்பமே துட்டி சொல்ல ஆளுக கிளம்பிட்டாவ. ரெண்டு வருசம் ஆகல, 2019 மார்ச்சுல லெவிஸ் கம்பெனி திரும்பப் பங்குச்சந்தைக்கு வந்துச்சு. ஜீன்ஸை உள்ள விடாத நியூயார்க்குச் சந்தையில அன்னைக்கு ஒரு நாள் விதியைத் தளத்தி, கோட்டு போட்ட தரகர்மாரெல்லாம் ஜீன்ஸோட நின்னாவ. 2024-ல அந்தக் கம்பெனி வித்தது 600 கோடி டாலருக்கு மேல. இப்படிப் பிணம் எந்திரிச்சு வந்து கல்லாவுல உக்காந்ததை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

நம்ம ஊருல ஜெயிச்சது வேற ஆளு. அதை எந்தப் பத்திரிகையும் எழுதல. நைட்டி! ஒரு நடிகை விளம்பரம் பண்ணல, ஒரு பத்திரிகை அட்டையில வரல, ஒரு கடைக்காரன் ஃபேஷன்னு சொல்லி விக்கல. பால் வாங்க நைட்டி, தண்ணி லாரிக்கு நைட்டி, பிள்ளையை ஸ்கூல் வேன்ல ஏத்த நைட்டி, மேல ஒரு துண்டு. அளவு எடுக்க வேண்டாம், கால் சுத்து இல்ல, ஜிப்பு முன்னாலயா பக்கவாட்டுலயான்னு பஞ்சாயத்து இல்ல. 2018-ல ஆந்திராவுல மேற்குக் கோதாவரிப் பக்கம் தோகலபள்ளிங்கிற ஊருல, பகல்ல நைட்டி போட்டா 2000 ரூவா அபராதம்னு ஊர்ப் பெரியவிய கூடித் தீர்மானம் போட்டாவ. காட்டிக் குடுத்தா 1000 ரூவா பரிசு. எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு, நைட்டிக்கு இன்னும் அம்பது வருசம் ஆயுசு இருக்குன்னு.

கிழிசலைப் பத்தி ஒரு வார்த்தை. உன் ஆச்சி உன் கிழிஞ்ச ஜீன்ஸைப் பாத்து, நம்ம டெய்லர் குடும்பத்துக்கு இப்படி ஒரு அவமானமான்னு ராத்திரியோட உக்காந்து ஒட்டுப் போட்டுட்டா, அதுவும் பூப்போட்ட துணியில. நீ மூணு நாள் பேசல. எனக்கு அதுல வருத்தம் இல்ல. புதுத்துணியைப் பழசாக்க மணலைக் காத்துல பீய்ச்சி அடிச்சானுவ பாரு, அதான் வருத்தம். அடிச்ச பையன்மாரு நெஞ்சுக்குள்ள அந்தத் தூசி போயி மூச்சு முட்டிச் செத்தானுவ. துருக்கியில 2009-ல அதுக்குத் தடையே போட்டாவ. பழசு வேணும்னா பழசையே போடு தாயி. நீ மூட்டை கட்டி வச்சிருக்கியே, அது தானா வெளுத்தது, யாரு நெஞ்சையும் கெடுக்காதது. ஒரு ஜீன்ஸ் பருத்தியாக் கிளம்பினதுல இருந்து உன் வீட்டு வாளி வரைக்கும் 3781 லிட்டர் தண்ணி குடிக்குன்னு லெவிஸ்காரனே கணக்குச் சொல்லியிருக்கான். நம்ம கரிசக்காட்டுல அந்தத் தண்ணிக்கு எத்தனை குடம் வரிசையில நிக்கும்னு நீயே எண்ணிக்கோ.

ஆகையால மூட்டையைப் பிரி. இழுவை நூல் செத்து முட்டியில பை விழுந்ததை மட்டும் ஆச்சி வாளிக்குக் குடு. மிச்சத்தை மடிச்சு அடியில வை, கால் சுத்து திரும்பி வரும். நான் இருந்தா நான் பாப்பேன், இல்லன்னா நீ பாப்ப. இனிமே புதுசு எடுத்தா அகலமா எடு. அகலத்தைக் குறைக்க ஆளு இருக்கு, குறைச்சதை அகலப்படுத்த இன்னும் ஒருத்தனும் பிறக்கல. உன்னை வேலைக்கு எடுத்த கம்பெனியில எல்லாரும் அகலக்காலுக்கு மாறிட்டாவன்னு சொன்ன. மாறட்டும். எல்லாரும் மாறினப்பொறவு மாறாதவளைத்தான் திரும்பிப் பாப்பாவ.

ஜீன்ஸ் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு உனக்கு ஆசையா இருந்தா, வார கோயில் கொடைக்கு அதைப் போட்டுட்டு வா. நான் திண்ணையில உக்காந்து, "காலம் கெட்டுப்போச்சு, பொட்டப்பிள்ளை பேண்டைப் போட்டுட்டு வாரா"ன்னு ஊரு கேக்க ரெண்டு ஏச்சு ஏசுதேன். ஒத்தாசைக்கு எதுத்த வீட்டுப் பெரியவரையும் கூப்பிட்டுக்குதேன், அவருக்கும் பொழுது போகணும்லா. மறு கொடைக்குப் பாரு, தெருவுல ஒரு பிள்ளை பாவாடையில நிக்காது.

ஆனா அதுக்கு முன்னால அந்தப் பேண்டை எங்கிட்டக் குடு. முன்பையில கையை விட்டுப் பாத்தேன், விரல் ரெண்டு கணுவுக்கு மேல போகல. 2018-ல கொஞ்சப் பேரு கடை கடையா அளந்து பாத்திருக்காவ: பொம்பளை ஜீன்ஸோட முன்பை ஆம்பளை ஜீன்ஸை விட 48 சதவீதம் நீளம் குறைச்சலாம். உன் செல்போன் உள்ள போகாது. செல்போன் போகலன்னா கையில வச்சுக்கிட்டே திரிவ, இல்லன்னா இன்னொரு ஆயிரம் ரூவாய்க்குக் கைப்பை வாங்குவ. ஜீன்ஸ் போகுமா நிக்குமான்னு ஊரெல்லாம் விசாரிச்சியே, உன் பையில பாதியை அறுத்து எடுத்துக்கிட்டவன் எவன்னு ஒரு தடவையாவது கேட்டியா? நான் உள்பையை வெட்டி எடுத்துட்டு, நல்ல காடாத் துணியில ஒரு சாண் ஆழத்துக்கு வச்சுத் தாரேன். செல்லு போகும், சாவி போகும், மேல கொஞ்சம் பொரிகடலையும் போகும்.

ரெண்டு பைக்கும் சேத்து 120 ரூவா. பேத்தின்னாலும் கூலி கூலிதான். ஜிபேயை ஆச்சி நம்பருக்குப் போட்டுராதே, அதுல இருந்து எனக்கு ஒரு டீக்குக்கூட வராது.